தட்டேக்காட்டில் ஒரு நாள்: பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், கோதமங்கலத்திலிருந்து சுமார் 13 கி.மீ. தொலைவில், பெரியாற்றங்கரையில் இருக்கிறது தட்டேக்காடு. அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். மழைக்காட்டில் பறவை பார்த்துப் பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் பக்கத்தில் இருக்க, அவ்வளவு தூரம் போவானேன்?

இரண்டும் வேறு வேறு உலகம். வேடந்தாங்கலில் கரையில் நின்றாலே ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கண்ணுக்கு எதிரே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைப் பார்க்கலாம். தட்டேக்காட்டில் அப்படிக் கூட்டமாக எதுவும் காத்திருக்காது. அது அடர்ந்த காட்டுப் பறவைகளின் இடம். ஒவ்வொன்றையும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சரணாலயத்தின் பரப்பு 25.16 சதுர கி.மீ. மட்டுமே. ஆனால் 300-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. காரணம் நிலத்தின் அமைப்பு. கடல் மட்டத்திலிருந்து 35 மீட்டரில் தொடங்கி 523 மீட்டர் வரைதான் இதன் உயரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இவ்வளவு தாழ்வான பசுமைமாறாக் காடுகள் இப்போது அரிது. பெரும்பாலானவை ரப்பர் தோட்டங்களாகவும் ஊர்களாகவும் மாறிவிட்டன. இங்கே பசுமைமாறாக் காடு, இலையுதிர் காடு, தேக்குத் தோப்பு, பாறைப் புல்வெளி, ஆறு எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து வருகின்றன. காலையில் பாறைமேல் ஒரு கூட்டத்தையும், அரை மணி நேரம் கழித்து மூங்கில் புதருக்குள் முற்றிலும் வேறொரு கூட்டத்தையும் பார்க்க முடிவது இதனால்தான்.

சலீம் அலிக்கும் இந்த இடத்துக்கும் என்ன தொடர்பு?

1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது பறவையியலாளரான அவர் தட்டேக்காட்டில் தங்கிப் பறவைகளைச் சேகரித்து ஆராய்ந்தார். தீபகற்ப இந்தியாவிலேயே பறவை வளம் மிகுந்த இடம் என்று இதை மதிப்பிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, அவருடைய பரிந்துரையின் பேரில், 1983-இல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்போது அவர் உயிருடன் இருந்தார் என்பது எனக்கு ஒரு நிறைவு. 1987-இல்தான் காலமானார். சரணாலயம் இப்போது அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அவருடைய மாணவரான ஆர். சுகதன் பல ஆண்டுகள் இங்கேயே இருந்து பறவைகளை ஆராய்ந்தார்.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரை. வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி ஏப்ரலில் திரும்புகின்றன. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை உள்ளூர்ப் பறவைகள் இணை சேரும் காலம் என்பதால் காடு முழுக்கக் குரலாக இருக்கும். ஒரே ஒரு மாதம் சொல்லச் சொன்னால் பிப்ரவரி என்பேன். ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் தாங்காது. பிற்பகலில் இடிமழை வேறு. ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. காடு அழகாக இருக்கும், ஆனால் பறவையும் தெரியாது, கேமராவையும் வெளியே எடுக்க முடியாது.

எப்படிப் போவது, எங்கே தங்குவது?

ரயிலில் போகிறவர்கள் ஆலுவாவில் இறங்கி, கோதமங்கலத்துக்கு பஸ் பிடிக்கலாம். அங்கிருந்து குட்டம்புழை போகும் பஸ் தட்டேக்காடு வழியாகப் போகும். ஆட்டோவும் கிடைக்கும். மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து காரில் வருகிறவர்களுக்குப் போடி, மூணாறு, அடிமாலி, நேரியமங்கலம் வழியாக நேராகக் கோதமங்கலம் வந்து சேரும் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. கோவைக்காரர்களுக்குப் பாலக்காடு, திருச்சூர், அங்கமாலி, பெரும்பாவூர் வழி.

சரணாலயத்தைச் சுற்றிலும் ஊர்க்காரர்கள் நடத்தும் தங்கும் வீடுகள் உண்டு. ஓட்டலைவிட அவற்றையே தேர்ந்தெடுங்கள். விடியுமுன்பே கட்டன் சாயா கிடைக்கும், வீட்டு உரிமையாளரே பல சமயம் கைதேர்ந்த வழிகாட்டியாகவும் இருப்பார்.

வழிகாட்டி கட்டாயமா? நானே தேடிக்கொள்ள முடியாதா?

சரணாலயத்துக்குள் துணையின்றி நடக்கக் கூடாது. யானை நடமாட்டம் உள்ள காடு. அது ஒருபுறம் இருக்க, வழிகாட்டி இல்லாமல் போனால் பாதிப் பறவைகள் உங்கள் தலைக்கு மேலேயே இருந்தும் தெரியாது. இந்த ஊரில் ஆண்களும் பெண்களுமாகப் பலர் தலைமுறைப் பழக்கத்தால் காட்டை அறிந்தவர்கள். முந்தின வாரம் ஆந்தை எந்தக் கிளையில் அடைந்தது, எந்த அத்திமரம் பழுத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு எந்தச் செயலியிலும் இல்லை. பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். பறவை கிடைக்காத நாளிலும் அவர் நடந்த நடை ஒன்றுதான்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது. அதை எப்படிப் பிரித்துக்கொள்வது?

முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறே முக்கால் மணி ஆகிவிடும். ஆறேகால் மணிக்கே ஒரு திறந்த இடத்தில் நிற்க வேண்டும். உருளந்தண்ணிப் பக்கம் போகும் சாலையோரமோ பாறை மேடோ அதற்கு ஏற்றது. முதல் வெயில் மரஉச்சிகளைத் தொடும்போது, இரவெல்லாம் பனியில் நனைந்த பறவைகள் இலையில்லாத கிளைகளுக்கு வந்து குளிர்காயும். மலை மைனா, நீலச்சிறகுக் கிளி, குக்குறுவான், மலபார் சாம்பல் இருவாட்சி, மாங்குயில் எல்லாம் ஒரே மரத்தில் வந்துபோகும். நாளின் நல்ல வெளிச்சம் இந்த ஒரு மணி நேரம்தான். இதைத் தூங்கித் தொலைத்தவர்களுக்கு மீதி நாள் ஈடு செய்யாது.

ஏழரை மணிக்கு மேல் காட்டுக்குள் நுழையலாம். அதற்குமுன் உள்ளே இருட்டு. பத்தரை வரை மெல்ல நடங்கள். மெல்ல என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டாத நடை. தீக்காக்கை, சோலைபாடி, மரங்கொத்திகள், அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாம் இந்த நேரத்துக்கு உரியவை. தவளைவாயன் பகலெல்லாம் ஒரே இடத்தில் தூங்கும் பறவை என்பதால் அதைத் திரும்பும் வழியில் பார்க்கலாம்.

பதினொன்றிலிருந்து மூன்று வரை காடு அடங்கிவிடும். சாப்பிட்டுத் தூங்குங்கள். அல்லது ஆற்றங்கரைக்குப் போங்கள். பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைத்தபடி நிற்கும், பெரிய அலகு மீன்கொத்தி கரையோரக் கிளையில் இருக்கும். பக்கத்திலேயே பூதத்தான்கெட்டு தடுப்பணை. திருக்காரியூர்க் கோயிலை மூழ்கடிக்கப் பூதங்கள் ஓரிரவில் ஆற்றை மறித்துக் கட்டியதாகவும், சிவன் சேவலாகக் கூவியதும் விடிந்துவிட்டதென்று வேலையைப் பாதியில் விட்டு ஓடியதாகவும் ஊரில் கதை சொல்வார்கள்.

மூன்றரைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி வைத்த மறைவிடத்தில் உட்காரலாம். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். ஆறு மணிக்கு மறுபடி திறந்த இடம். பக்கிகள் என்னும் இரவுப் பறவைகள் கிளம்பும், ஆந்தைகள் குரல் கொடுக்கும். அந்தக் குரல்களில் ஒன்று புள்ளிக் காட்டு ஆந்தையுடையது. நடுங்கும் அந்த அலறலுக்காகவே கேரளத்தில் அதைக் காலன்கோழி என்று பெயரிட்டு அஞ்சினார்கள். அஞ்ச ஒன்றுமில்லை. எலிகளைத் தின்று வயலைக் காக்கும் பறவை அது.

காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லையே?

மழைக்காட்டில் இது எல்லோருக்கும் நேர்வது. கண்ணால் தேடினால் இலைதான் தெரியும். காது கொடுங்கள். காட்டுப் பூச்சியுண்ணிகள் பெரும்பாலும் தனித்தனியாக இரை தேடுவதில்லை. பல வகைகள் ஒன்றாகச் சேர்ந்து அலை போல நகரும். அந்த அலை இல்லாத இடத்தில் அரை மணி நேரம் ஒரு சிறகசைவும் இருக்காது. அது வந்து சேர்ந்துவிட்டால் எதைப் பார்ப்பது என்று திகைப்பீர்கள். தரையோரம் சிலம்பன்கள் இலையைப் புரட்டும், நடுமட்டத்தில் ஈப்பிடிப்பான்களும் சின்னான்களும், அடிமரத்தில் மரங்கொத்தி, எல்லாவற்றுக்கும் மேலே துடுப்புவால் கரிச்சான்.

அந்தக் கரிச்சான்தான் உங்களுக்கு வழிகாட்டி. மலையாளத்தில் அதற்குக் காடுமுழக்கி என்று பெயர். பிற பறவைகள் குடையும்போது கலைந்து பறக்கும் பூச்சிகளை அது பிடிக்கும். வல்லூறு வந்தால் முதலில் எச்சரிப்பதும் அதுவே. அதன் உலோக ஒலி கேட்டால் அங்கே போகாதீர்கள், கூட்டம் நகரும் திசையைக் கணித்து முன்னால் போய் அசையாமல் நில்லுங்கள். துரத்தினால் முதுகுதான் கிடைக்கும், காத்திருந்தால் அவையே உங்களைத் தாண்டிப் போகும்.

தவளைவாயனைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்கிறார்களே, அப்படி என்ன பறவை அது?

பக்கிகளுக்கு உறவான இரவுப் பறவை. மைனா அளவுதான் இருக்கும். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்வது. இலங்கைத் தவளைவாயன் என்பதே முழுப்பெயர். அகன்ற வாய், முகத்தில் மீசை போன்ற மயிர்கள், பெரிய கண்கள். பகலில் புதரின் தாழ்ந்த கிளையில் தூங்கும். பெரும்பாலும் ஆணும் பெண்ணும் உடம்போடு உடம்பு ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் சாம்பல், பெண் செம்பழுப்பு. வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டுவார். நீங்கள் அங்கேயே பார்ப்பீர்கள். இரண்டு காய்ந்த இலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. பிறகு அதில் ஒரு இலைக்கு அலகு முளைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை உற்றுக் கவனிக்கச் சொல்கிறேன். நிம்மதியாகத் தூங்கும் தவளைவாயனின் தலை உடம்போடு ஒடுங்கி, உருண்டையாக இருக்கும். யாராவது நெருங்கினால் அது பறக்காது. மிக மெதுவாக, நிமிடமுள் நகர்வது போல, அலகை வானத்தை நோக்கி உயர்த்தும். உடம்பு நீளும், சிறகு ஒட்டிக்கொள்ளும், கண் ஒரு கோடாகும். முறிந்த கிளையின் நுனியாகவே மாறிவிடும். படத்தில் அது அழகாகத்தான் இருக்கும். பறவைக்கு அது அச்சம். அந்த நிலையில் நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். இரண்டு மூன்று அடி பின்வாங்கி அமைதியாக நில்லுங்கள். சிறிது நேரத்தில் தலை மறுபடி தாழும். அப்போது எடுக்கும் படம்தான் அந்தப் பறவையின் உண்மையான படம்.

இடையில் ஓர் இலை மறைத்தால் நீங்கள் நகருங்கள். இலையை ஒடிக்காதீர்கள், ஒடிக்கவும் சொல்லாதீர்கள். அந்த இலைதான் பருந்தின் கண்ணிலிருந்து அதைக் காக்கிறது. நீங்கள் போன பிறகும் அந்த ஓட்டை அங்கேயே இருக்கும். ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அந்தப் புதர் முன் நிற்கவும் கூடாது. முன்னால் ஒரு குழு இருந்தால் அவர்கள் வரும்வரை தள்ளி நின்று காத்திருங்கள்.

தீக்காக்கை எப்போதும் முதுகையே காட்டுகிறதே?

அதன் தற்காப்பு அது. ஆணின் வயிறு செக்கச் செவேலென்று இருக்கும், நெஞ்சில் ஒரு வெள்ளைப் பட்டை, தலை கறுப்பு. அந்தச் சிவப்பை ஆளுக்குக் காட்டாமல், பழுப்பு முதுகைத் திருப்பி அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். சுற்றி வந்து முன்பக்கத்தைப் பிடிக்கலாம் என்று நகர்ந்தால் அதுவும் அடுத்த மரத்துக்குப் போய் மறுபடி முதுகைக் காட்டும். நின்ற இடத்தில் நில்லுங்கள். பூச்சியைப் பிடிக்க அது பாய்ந்து போய்த் திரும்பும்போது பல சமயம் வேறு பக்கம் பார்த்து உட்காரும். அந்த நொடிக்காக ஃபோகஸை முன்கூட்டியே கிளையில் வைத்திருங்கள். பெண்ணுக்குச் சிவப்பு இல்லை. வயிறு காவிப் பழுப்பு. ஆணை மட்டும் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் பெண்ணின் அடக்கமான அழகைத் தவறவிடுகிறார்கள்.

ஆறுமணிக்குருவி கிடைக்குமா?

குளிர்காலத்தில் கிடைக்கும். வடக்கே இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் இனப்பெருக்கம் செய்துவிட்டுத் தெற்கே வரும் பறவை. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுப்பதால் நம் ஊரில் இந்தப் பெயர். தரையில் சருகைக் கிளறி இரை தேடும். படம் எடுக்க விரும்பினால் தரையோடு தரையாக உட்காருங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் சருகு மட்டும்தான் பின்னணி.

இருவாட்சி?

மலபார் சாம்பல் இருவாட்சி ஏறக்குறைய உறுதி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. யாரோ கேலியாகச் சிரிப்பது போன்ற அதன் குரல் ஊருக்குள்ளேயே கேட்கும். பெரிய இருவாட்சியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதற்கு வாழச்சால், நெல்லியாம்பதி, வால்பாறை பொருத்தம். பிப்ரவரி, மார்ச்சில் ஓர் ஆண் இருவாட்சி அலகில் அத்திப்பழத்துடன் ஒரே திசையில் திரும்பத் திரும்பப் பறந்தால், அங்கே மரப்பொந்துக்குள் பெண் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு அடைகாக்கிறது என்று அறியுங்கள். அவனை நம்பித்தான் உள்ளே இருக்கும் உயிர்கள். பின்தொடர வேண்டாம்.

எந்த லென்ஸ் கொண்டு வரலாம்?

100–400 மி.மீ. போதும். 150–600 இருந்தால் காலை நேரத்து மரஉச்சிப் பறவைகளுக்கு உதவும். காட்டுக்குள் பறவைகள் அருகிலேயே இருக்கும், அங்கே தேவைப்படுவது நீளமல்ல, வெளிச்சம். மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) ஒன்று கட்டாயம். முக்காலி மறைவிடத்துக்கும் தவளைவாயனுக்கும் நல்லது, ஒற்றையடிப் பாதையில் பாரம். பைனாகுலர் இல்லாமல் வராதீர்கள். கேமரா வழியாகப் பறவையைத் தேடுகிறவர்கள் காட்டில் மிகக் குறைவாகவே பார்க்கிறார்கள்.

காட்டுக்குள் அவ்வளவு இருட்டாக இருக்கிறதே, கேமராவில் என்ன அமைப்பு வைப்பது?

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, முழுக்கத் திறந்துவிடுங்கள். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 3200 முதல் 6400 வரை ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளிகள் விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம், அசைந்த படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. ஷட்டர் வேகம், உட்கார்ந்திருக்கும் தீக்காக்கைக்கு 1/125 நொடி, அசையாத தவளைவாயனுக்கு முக்காலியில் 1/30 கூடப் போதும். கலப்புக் கூட்டத்தில் துள்ளும் சிறு பறவைகளுக்கு 1/800-க்குக் குறைந்தால் சிறகு மங்கிவிடும், அங்கே ஐ.எஸ்.ஓ.வை இன்னும் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தின் வெளிச்ச அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மரஉச்சிப் பறவைக்குப் பின்னால் வெளுத்த வானம் இருந்தால் கேமரா ஏமாந்து பறவையைக் கருநிழலாக்கிவிடும். ஒன்றிலிருந்து இரண்டு படி வரை கூட்டுங்கள். இருண்ட புதருக்கு முன்னால் அரசவால் ஈப்பிடிப்பானின் வெள்ளை ஆண் வந்தால் அதற்கு நேர்மாறு, ஒரு படி குறைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நீண்ட வால் இழைகள் வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும். கேமரா மாற்றாமல் தரும் மூலக்கோப்பான ரா கோப்பாக எடுப்பது நல்லது. இலைகள் வழியாக வரும் பச்சை ஒளி எல்லா நிறத்தையும் பச்சையாக்கும், அதைத் திருத்த இடம் வேண்டும்.

தொட்டி வைத்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எடுப்பது சரியா? காட்டில் தேடி எடுப்பதுதானே நியாயம்?

தட்டேக்காட்டைச் சுற்றியுள்ள பல வீடுகளின் பின்புறத்தில் இப்படி மறைவிடங்கள் இருக்கின்றன. ஹைட் என்பார்கள். பச்சைத் துணித் திரை, அதில் லென்ஸ் நீட்ட ஓட்டை, ஐந்தாறு மீட்டர் தூரத்தில் ஆழமில்லாத ஒரு தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றிப் பாசி படிந்த ஓரிரு கட்டைகள்.

நான் இதை எதிர்ப்பவன் அல்ல. கோடையில் தண்ணீர் வைப்பது பறவைக்கு நல்லது. பத்துப் பேர் காட்டுக்குள் மிதித்து அலைவதைவிட ஓரிடத்தில் வாய்மூடி உட்கார்ந்திருப்பதும் நல்லது. முதியவர்களும் நடக்க முடியாதவர்களும் இதனால்தான் பறவையை அருகில் பார்க்கிறார்கள். ஆனால் தொட்டியை அன்றாடம் கழுவித் தண்ணீர் மாற்றுகிறார்களா என்று பாருங்கள். அழுக்குத் தண்ணீர் நோயைப் பரப்பும். புழுவைக் கட்டையில் ஒட்டி வைத்துப் பறவையை வரவழைக்கும் இடங்களை நான் தவிர்க்கிறேன். நாள் முழுக்கக் கையேந்தப் பழகிய பறவையின் படத்தில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

குளிக்க வரும் பறவையைப் பார்ப்பதே ஒரு பாடம். சோலைபாடி நேராகத் தொட்டிக்கு வராது. முதலில் பின்னால் உள்ள புதரில் குரல் மட்டும். பிறகு கட்டையில் ஒரு நொடி, வாலைச் சடாரென்று தூக்கி இறக்கும். மறுபடி புதர். மூன்றாம் முறைதான் தண்ணீர் விளிம்பு. வயிற்றை நனைத்து, சிறகை அடித்து, தலைமுழுகி, உடனே மேலே ஒரு கிளைக்குப் போய்விடும். நனைந்த பறவை சரியாகப் பறக்காது என்பதால் குளியல் அதற்கு ஆபத்தான நேரம். அந்த உச்சத்தில் பேச்சுச் சத்தம் கேட்டால் குளிக்காமலேயே போய்விடும். எனவே ஷட்டர் ஒலியை நிறுத்திவிடுங்கள், போனை அணைத்துவிடுங்கள். நான்கு மணிக்கு மேல் மரகதப்புறா நடந்தே வரும், செந்தலைப் பூங்குருவி வரும், கருநீலம் மின்னும் லளிதா என்னும் பறவை வரும், மலையாளிகள் மணிகண்டன் என்று அழைக்கும் தீக்கழுத்துச் சின்னான் வரும். இந்தத் தூரத்துக்கு 300 மி.மீ. தாராளம்.

போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கலாமா?

வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நம்பித்தான் அது பதறி வெளியே வருகிறது. இரை தேடுவதை விட்டு, கூட்டை விட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. நீங்கள் ஒரு முறைதான் ஒலிப்பீர்கள், ஆனால் அதே புதர் முன் பருவம் முழுக்கத் தினமும் ஒரு குழு வந்து நிற்கிறது. உங்கள் வழிகாட்டி போனை எடுத்தால், பறவை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் ஏமாறுவாரோ என்ற அச்சத்தில்தான் பலர் இதைச் செய்கிறார்கள். நீங்கள் சொன்னால் அவருக்கும் நிம்மதி.

ஆந்தைக்கு ஃப்ளாஷ்?

கூடாது. மங்கிய டார்ச்சைப் பறவையின் பக்கவாட்டில் சில நொடி காட்டி, ஓரிரு படம் எடுத்து, அணைத்துவிடுங்கள்.

கூட்டைப் படம் எடுக்கலாமா?

தவளைவாயன் பருவத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். பாசியாலும் மென்தூவியாலும் ஆன ஒரு சிறு திண்டுதான் கூடு. பகலில் பெரும்பாலும் ஆண் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். நாம் அதைக் கலைத்துவிட்டால் அந்த ஆண்டு அந்த இணைக்கு எல்லாம் போயிற்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையே வேட்டை என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. தற்செயலாகக் கூடு கண்ணில் பட்டால் ஒன்றும் செய்யாமல் நடந்துவிடுங்கள். இணையத்தில் பாராட்டு வாங்கும் கூட்டுப் படங்களுக்கு விருப்பம் தெரிவிப்பதையும் நிறுத்தலாம்.

அனுமதி, கட்டணம், ட்ரோன்?

சரணாலய அலுவலகத்தில் நுழைவுக்கும் கேமராவுக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரம், ஆவணப்படம் போன்றவற்றுக்கு வனத்துறையின் தனி அனுமதி வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அட்டை கடிக்குமா? யானை வருமா?

மழை பெய்து ஈரமாக இருந்தால் அட்டை ஏறும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை கோதமங்கலத்தில் தேடுவதைவிட ஊரிலிருந்தே வாங்கி வருவது நல்லது. கடித்தால் நகத்தால் மெல்லத் தள்ளி எடுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள். சிறிது நேரம் இரத்தம் கசியும், அவ்வளவுதான்.

யானை விஷயம் அப்படி இலேசானதல்ல. புதிய சாணம், ஒடிந்த மூங்கில், ஒரு தனி வாசனை இவற்றை வழிகாட்டி உங்களுக்கு முன்பே அறிவார். அவர் திரும்பலாம் என்றால் அந்தக் கணமே திரும்ப வேண்டும், கடைசியாக ஒரு படம் என்று கேட்கக் கூடாது. இருட்டிய பிறகு தனியாகச் சாலையில் நடக்க வேண்டாம். உடை பச்சை, பழுப்பு, சாம்பல் நிறங்களில் இருக்கட்டும். வாசனைத் திரவியம் தவிர்க்கவும்.

ஈரப்பதத்தில் கேமரா கெடுமா?

குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். விடியலின் முதல் வெயில் அதைத் துடைப்பதிலேயே போய்விடும். இரவில் கேமராப் பையை அறைக்கு வெளியே, மின்விசிறி மட்டும் உள்ள இடத்தில் வையுங்கள். பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். ஊர் திரும்பியதும் லென்ஸை உலர வைக்காமல் பையிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. பாதை பெரும்பாலும் சமதளம். ஆளுக்கு ஒரு பைனாகுலரும் ஒரு சிறு குறிப்பேடும் கொடுங்கள். வெகு தூரம் நடக்க வைக்காமல், காலைப் பாறை மேட்டுக்கும் மாலை மறைவிடத்துக்கும் மட்டும் அழைத்துப் போங்கள்.

பார்த்தவற்றை எங்கே பதிவது?

ஈபேர்டு செயலியில் பட்டியலாகப் பதியுங்கள். கேரளத்தில் 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் மாநிலம் முழுக்க நடந்து, மூன்று லட்சம் பதிவுகள் கொண்ட பறவை வரைபடத்தை உருவாக்கினார்கள். சாதாரண மனிதர்களின் பட்டியல்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஒன்றே ஒன்று: தவளைவாயன், ஆந்தை ஆகியவை அடையும் துல்லியமான இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். சரணாலயத்தின் பெயர் மட்டும் போதும்.

அங்கே வாழும் மக்களைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா?

அவசியம். சரணாலய எல்லைக்குள்ளேயே பல தலைமுறைகளாக விவசாயக் குடும்பங்கள் இருக்கின்றன. வீடு கட்டவும் சாலை போடவும் உள்ள கட்டுப்பாடுகளும், பயிரில் இறங்கும் யானைகளும் அவர்களின் அன்றாடக் கவலை. எல்லையைத் திருத்தி ஊர்களை விலக்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. மேலே குட்டம்புழைக் காடுகளில் முதுவர், மன்னான் பழங்குடிக் குடியிருப்புகள் உண்டு. முதுவர்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்கிறவர்கள், அவர்கள் பேச்சில் தமிழ் கேட்கும். மக்களின் வீடுகளையும் முகங்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காட்டின் பாரத்தைச் சுமப்பவர்கள் அவர்கள், நாம் வந்துபோகிறவர்கள்.

கேரளம் வரை வர முடியாது. தவளைவாயனைத் தமிழ்நாட்டில் பார்க்க வழி இல்லையா?

இருக்கிறது. ஆனைமலைக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வேறு சில பகுதிகளிலும் அது வாழ்கிறது. ஆனால் தட்டேக்காட்டில் இருப்பது போல அதன் கிளையை அன்றாடம் கவனித்துவரும் ஆட்கள் எல்லா இடத்திலும் இல்லை என்பதால் பகலில் காண்பது கடினம். அந்தி சாயும் நேரத்தில் வனத்துறை ஆளின் துணையோடு காட்டோரச் சாலையில் நின்று கேளுங்கள். முதலில் பெண்ணின் கரகரத்த, இறங்கிக்கொண்டே போகும் அலறல், அதற்கு ஆணின் பதில். பார்க்க முடியாவிட்டாலும் அந்த இடத்தில் அது இருக்கிறது என்று பட்டியலில் எழுதிக்கொள்ளலாம், குரல் பதிவும் பதிவுதான்.